புத்தளக் கரையின் காற்றும் புகைபோக்கியின் வரலாறும்

புத்தளம் மாவட்டத்தின் கரையோர வாழ்வைக் காற்றே வகுத்தது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை மேற்கிலும் தென்மேற்கிலுமிருந்து வீசும் சோளகம், கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்பரப்பைக் கடந்து புத்தளக் களப்பின் மேலாக உள்நாடு நோக்கிச் செல்கிறது. அக்காலத்தில் கடல் கொந்தளிக்கும், வள்ளங்கள் கரையேறும். அதே காற்றும் வெயிலும் சேர்ந்து உப்பளங்களில் உப்பை விளைவிக்கும். வாடிகளில் கருவாட்டை உலர்த்தும். ஒரு தொழிலை நிறுத்தி மற்றொரு தொழிலை நடத்திவைக்கும் இக்காற்றோடு இணங்கி வாழவே இக்கரையின் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகினர். அதே காற்று பிற்காலத்தில் புழுதியையும் சாம்பலையும் சுமந்து வந்தபோது அவர்களுடைய பழைய பட்டறிவு போதாமற் போயிற்று. அந்நிலை எவ்வாறு நேர்ந்தது, அதற்கு மாற்று யாது என்பவற்றை அறிவதற்கு, உலோகம் உருக்கிய மனிதன் புகையோடு நடத்திய நெடும் போராட்டத்தின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

உலோகம் இக்கரைக்குப் புதியதன்று. பொன்பரப்பியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட தாழிக்காட்டிலே, இறந்தோருடன் வைத்துப் புதைக்கப்பட்ட வெண்கலப் பொருள்களும் இரும்புப் பொருள்களும் கிடைத்துள்ளன. விசயன் வந்திறங்கியதாகக் கூறப்படும் தம்பபண்ணி என்னும் இடத்தின் பெயர், தாமிர நிறங்கொண்ட மண்ணினால் ஏற்பட்டதென்பது மரபு. அவ்விடம் இக்கரையின் வடபாலுள்ள குதிரைமலையை அடுத்த பகுதியே என்று கருதுவாரும் உளர். உரோமப் பேரரசன் குளோடியசின் காலத்தில், செங்கடற் பகுதியில் வரி தண்டிய ஒருவனின் பணியாள் காற்றினால் அடித்துவரப்பட்டுப் பதினைந்தாம் நாளில் ஹிப்புரோசு என்னும் துறையை அடைந்தானென்று பிளினி எழுதினார். அத்துறையும் குதிரைமலையே என்பது அறிஞர் சிலரின் துணிபு. காற்றும் உலோகமும் இக்கரையின் பழங்கதைகளில் இவ்வாறு ஒன்றாகவே இடம்பெற்றுள்ளன.

இவ்விரண்டையும் இணைத்துப் பயன்கொண்ட வல்லுநர் இலங்கையின் மலைச்சரிவுகளிலும் வாழ்ந்தனர். தென்புற மலைநாட்டின் விளிம்பிலுள்ள சமனலவெவப் பகுதியில், மேற்கு நோக்கிய குன்றுச் சரிவுகளில் அமைந்திருந்த 77 இரும்புருக்கு நிலையங்களை ஜில் ஜூலெப் அம்மையார் ஆராய்ந்து, 1996ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். கி.பி. 7ஆம் நூற்றாண்டு தொடக்கம் 11ஆம் நூற்றாண்டு வரை இயங்கிய அவ்வுலைகளுக்குத் துருத்தி ஊதுவார் எவரும் தேவைப்படவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று குன்றின் முகட்டைத் தாண்டும்போது உலையின் முன்சுவரிலுள்ள துளைகளின் வழியே தானாகவே உட்புகுந்து கரியை எரித்தது. அக்கால மாதிரியில் உலை அமைத்து இரும்பை உருக்கிப் பார்த்தபோது, நல்ல உருக்கும் கிடைத்தது. புத்தளத்தில் உப்பை விளைவிக்கும் பருவக்காற்றே ஆங்கு உருக்கையும் விளைவித்தது. உலைகள் சிறியன, காடு பெரிது, ஆதலின் புகை எவருக்கும் வழக்காகவில்லை.

உலைகள் பெருகி ஊர்களை நெருங்கிய நாடுகளிலே புகை வழக்காயிற்று. வெள்ளியை உருக்கும் உலைகளுக்கு ஐபீரிய நாட்டார் உயர்ந்த புகைபோக்கிகளைக் கட்டினர் என்றும், கனமும் கொடுமையும் வாய்ந்த அப்புகை வானளாவச் செல்லவேண்டும் என்பதே அதன் நோக்கம் என்றும் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஸ்திராபோ குறித்துவைத்தார். உயரமான புகைபோக்கியே மனிதன் கண்ட முதற் பரிகாரம். ஆயினும் அஃது புகையை அழிப்பதன்று, அயலூருக்கு அனுப்பிவைப்பதே. 1556இல் வெளிவந்த அக்கிரிக்கோலாவின் சுரங்கத்தொழில் நூலில் மற்றொரு முறை காணப்படுகிறது. உலையின் மேலே ஓர் அறை அமைத்து, புகையோடு பறக்கும் உலோகத் துகளை அதிற் படியவைத்துச் சேகரிக்கும் முறை அது. புகைபோக்கி வழியே வெளியேறுவது பொருள் இழப்பு என்ற எண்ணம் அங்கே அரும்பியது. இலாபங்கருதிய அவ்வெண்ணமே பிற்காலத்தில் ஊராரின் நலத்துக்கும் வழி திறந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் பேராசிரியர் ஒலிவர் லொட்ஜ், புகை நிறைந்த கண்ணாடிச் சாடிக்குள் மின்னேற்றிய கம்பியொன்றை நுழைத்து, புகை விரைந்து திரண்டு படிவதைக் கண்டார். வடவேல்சின் பகில்ட் என்னுமிடத்திலிருந்த ஈயம் உருக்கும் ஆலையில் 1885ஆம் ஆண்டு அம்முறை பரீட்சிக்கப்பட்டது. அம்முயற்சி தோல்வியில் முடிந்தது. சுழலும் கண்ணாடித் தட்டுப் பொறிகள் தந்த மின்சாரம் ஆலைப்புகைக்கு ஈடுகொடுக்கவில்லை. ஈயப்புகையின் நுண்துகளும் மின்னேற்றத்துக்கு எளிதில் இணங்கவில்லை. கருத்துச் சரியாக இருந்தும் கருவி போதாமையால் அது இருபது ஆண்டுகளுக்கு மேல் உறங்கிக் கிடந்தது.

அதனை எழுப்பியவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இரசாயன ஆசிரியர் பிரெடரிக் கொத்ரெல். சான்பிரான்சிஸ்கோக் குடாக்கரையின் செல்பி உலோக உருக்காலைக்கு எதிராக அயலிலுள்ள உழவர்கள் முறையிட்டுக்கொண்டிருந்த காலம் அது. கொத்ரெல் ஓரிரவு இருளில் பரிசோதனை நடத்தியபோது, பஞ்சுநூல் சுற்றிய கம்பியிலிருந்து சிலும்பி நின்ற நார் நுனிகளிலே மெல்லிய ஊதா ஒளி மிளிர்வதைக் கண்டார். வழவழப்பான கம்பியைவிடச் சிலும்பிய நுனிகளே மின்னைக் காற்றில் நன்கு பரப்புகின்றன என்பதை அவ்வொளி காட்டிற்று. உயரழுத்த மின்மாற்றியையும், மின்னோட்டத்தை ஒரே திசைப்படுத்தும் சுழற்கருவியையும் அதனோடு சேர்த்து அவர் அமைத்த பொறிக்கு 1908ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் காப்புரிமை கிடைத்தது. நிலைமின் வீழ்படிவாக்கி என வழங்கும் கருவி அதுவே.

அதன் இயக்கம் எளிதில் விளங்கத்தக்கது. புகை செல்லும் பாதையிலே அகன்ற உலோகத் தட்டுகள் வரிசையாக நிற்கும். அவற்றின் நடுவே மெல்லிய கம்பிகள் தொங்கும். பல்லாயிரம் வோல்ற்று மின்னழுத்தம் கம்பிகளில் ஏற்றப்படும்போது, கம்பியைச் சூழ்ந்த வளி மின்னேற்றம் பெறும். அம்மின்னேற்றம் துகள்களில் ஒட்டும். துகள்கள் தட்டுகளை நோக்கி இழுக்கப்பட்டு அவற்றிற் படியும். இடையிடையே சுத்தியல்கள் தட்டுகளைத் தட்ட, படிந்த தூசி கீழேயுள்ள கூம்புத் தொட்டியில் விழும். மின்னழுத்தம் நிலைத்திருக்கும்வரை தட்டுகள் தூசியைத் தடுக்கும். அது அறுந்தால் புகைபோக்கி பழைய புகைபோக்கியாகிவிடும்.

கொத்ரெல் தமது காப்புரிமைகளால் வந்த வருவாயைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. 1912ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக்கென ஓர் அறநிறுவனத்தை ஏற்படுத்தி, அவ்வுரிமைகளை அதற்கு வழங்கினார். பிற்காலத்தில் கொடார்டின் விண்கல ஆராய்ச்சிக்கும் லோரன்சின் அணுத்துகள் ஆராய்ச்சிக்கும் அந்நிறுவனம் துணைநின்றது. உலோகப் புகையைப் பிடித்த பொறி, அறிவுத்துறைக்கு வித்தாகவும் அமைந்தது.

உருக்காலையிற் பிறந்த அக்கருவி விரைவில் சீமெந்து ஆலையை அடைந்தது. கலிபோர்னியாவின் ரிவர்சைட் பகுதியில், சீமெந்துத் தூசி தமது தோடம்பழத் தோட்டங்களைக் கெடுப்பதாக உழவர்கள் வழக்காடினர். 1912ஆம் ஆண்டளவில் ஆங்குள்ள ஆலையில் வீழ்படிவாக்கி பொருத்தப்பட்டது. முதலாம் உலகப்போரின்போது, பிடிக்கப்பட்ட தூசியிலிருந்த பொற்றாசு உரமாகவும் விலைபோயிற்று. சீமெந்து ஆலை, தோட்டக்காரர், காற்று என்னும் இம்மூன்றும் சில பத்தாண்டுகளின் பின்னர் புத்தளத்திலும் ஒன்று கூடின.

காங்கேசன்துறையில் 1950ஆம் ஆண்டு சீமெந்து உற்பத்தி தொடங்கியபின், நாட்டின் இரண்டாவது பெரும் ஆலை 1970ஆம் ஆண்டளவில் புத்தளத்தை அடுத்த பாலாவியில் எழுந்தது. அருவாக்காட்டிற் கல் வெட்டப்பட்டு, அதற்கெனப் போடப்பட்ட புகையிரதப் பாதை வழியே ஆலைக்கு வந்தது. நாட்டின் வீடுகளும் அணைகளும் பாலங்களும் அதனாற் பயன்பெற்றன. இம்மாவட்டத்தின் பலருக்கு வேலையும் கிடைத்தது. அதே வேளையில், கூரைகளிலும் தென்னோலைகளிலும் படியும் வெண்தூசியைக் குறித்துச் சுற்றூர் மக்கள் நெடுங்காலம் முறையிட்டனர். சீமெந்து உலையின் தூசியைப் பிடிக்கும் கலை உலகில் அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே நிலைபெற்றிருந்தது. கருவி இருப்பது வேறு. அதனை ஒவ்வொரு நாளும் ஓயாது பேணுவது வேறு. இவ்வுண்மை பாலாவி மக்களின் கூரைகளில் எழுதப்பட்டது எனலாம்.

இவ்விடத்தில் உலோக வார்ப்புத் தொழில் அயல்நாடாகிய இந்தியாவில் கண்ட மாற்றமும் நோக்கத்தக்கது. வார்ப்பாலையில் இரும்பை உருக்குவது குப்போலா என்னும் உயர்ந்த உருளை உலை. இரும்பும் கற்கரியும் சுண்ணக்கல்லும் மேலேயிருந்து அடுக்கடுக்காக இடப்பட, கீழேயிருந்து காற்று ஊதப்படும். கற்கரியின் கந்தகம் கந்தக ஈரொட்சைட்டாகவும், நுண்கரியும் உலோகத்துகளும் கரும்புகையாகவும் வெளியேறும். ஆக்ரா நகரில் இத்தகைய வார்ப்பாலைகள் பல இருந்தன. தாஜ்மகாலின் பளிங்கைக் கெடுக்கும் மாசுக்கு மின்னிலையங்களோடும் புகையிரதத் தரிப்பிடங்களோடும் இவ்வாலைகளும் காரணமென 1978ஆம் ஆண்டில் வரதராஜன் குழு எடுத்துக்காட்டியது. 1984இல் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996ஆம் ஆண்டு திசெம்பர் 30ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்று தீர்ப்பளித்தது. 292 தொழிற்சாலைகள் கற்கரியையும் நிலக்கரியையும் விட்டு இயற்கை வாயுவுக்கு மாறவேண்டும். மாற இயலாதவை அப்பகுதியை விட்டு அகலவேண்டும் என்பது அதன் சாரம். இடம்பெயரும் ஆலைகளின் தொழிலாளருக்குரிய உரிமைகளையும் அத்தீர்ப்பு வகுத்தது.

மேற்கு வங்கத்து ஹௌராவில் வேறொரு வழி காணப்பட்டது. டாட்டா எரிசக்தி ஆராய்ச்சி நிலையமும் சுவிஸ் நாட்டு உதவி நிறுவனமும் இணைந்து, 1998ஆம் ஆண்டில் ஒரு சிறு வார்ப்பாலையில் மாதிரி உலையொன்றை நிறுவின. காற்றை ஒரே வரிசைத் துளைகளால் ஊதாமல், மேலும் கீழுமாக இரு வரிசைத் துளைகளால் ஊதும் அமைப்பு அது. கற்கரிச் செலவு ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்தது. ஒடுங்கிய கழுத்தினூடே புகையை விரைந்து செலுத்தி நீர்த்திவலைகளால் கழுவும் கருவியைச் சேர்த்ததும், வெளியேறும் தூசி கனமீற்றருக்கு 50 மில்லிகிராம் அளவுக்குத் தாழ்ந்தது. சிறிய ஆலைகளுக்குச் சட்டம் விதித்த எல்லையோ 450 மில்லிகிராம். எரிபொருளைச் சிக்கனமாக எரிப்பதே புகைக்குக் கட்டும் முதல் அணை என்பதை ஹௌரா உணர்த்தியது.

இவ்வரலாற்றின் மிகப்பெரிய பரீட்சை புத்தளக் கரைக்கு இருபத்தோராம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. நிலக்கரியால் மின்சாரம் ஆக்கும் திட்டத்துக்கு நாட்டின் வேறு கரைகளும் ஆராயப்பட்டு, இறுதியில் கற்பிட்டிக் குடாநாட்டின் நுரைச்சோலை தெரிவுசெய்யப்பட்டது. அருகே தலவிலப் புனித அன்னம்மாள் திருத்தலம் உளது. மார்ச்சு மாதத்திலும் ஓகஸ்ட் மாதத்திலும் பெருந்திரளான யாத்திரிகர் அங்கே கூடுவர். கத்தோலிக்க திருச்சபையும் கரையோர மீனவரும் உழவரும் காட்டிய எதிர்ப்பினால் திட்டம் நெடுங்காலம் தடைப்பட்டது. 2006ஆம் ஆண்டில் சீனத்தின் கடனுதவியோடு வேலை தொடங்கியது. முதலாவது 300 மெகாவாற்றுப் பொறி 2011ஆம் ஆண்டு மார்ச்சில் இயங்கலாயிற்று. மூன்று பொறிகளும் சேர்ந்து 900 மெகாவாற்று வலுவுடன் 2014 செப்டெம்பரில் நிலையம் முழுமையாகத் திறந்துவைக்கப்பட்டது. பல ஆண்டுகளில் நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு அங்கிருந்தே வந்தது.

அந்நிலையத்தைச் சூழ வாழ்வோர் எளிய மக்கள். மணற்பாங்கான நிலத்தில் ஆழமற்ற கிணறுகளை வெட்டி, வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் பயிரிடுவோர் ஒருசாரார், மீன்பிடிப்போர் ஒருசாரார். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பங்களும் இக்குடாநாட்டில் வாழ்கின்றன. ஒருமுறை அனைத்தையும் இழந்து வந்தோருக்கு, புதிதாக நட்ட பயிரின் மேற் படியும் கரும்புழுதி எவ்வளவு கசப்பானது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

நுரைச்சோலை நிலையத்திலும் கொத்ரெலின் வழிவந்த வீழ்படிவாக்கிகள் உண்டு. கந்தகப் புகையைக் கடல்நீராற் கழுவும் அமைப்பும் உண்டு. அவ்வாறிருந்தும் இடர் ஏன் எழுந்தது? ஒரு சிறு கணக்கு அதனை விளக்கும். நிலையம் ஆண்டுக்கு எரிப்பது ஏறக்குறைய 20 இலட்சம் தொன் நிலக்கரி. அதிற் பத்திலொரு பங்கு சாம்பல் எனக் கொண்டால், 2 இலட்சம் தொன். அதில் ஐந்தில் நான்கு பங்கு புகையோடு பறக்குமாயின், 1 இலட்சத்து 60 ஆயிரம் தொன். வீழ்படிவாக்கி நூற்றுக்கு 99 பங்கைப் பிடித்தாலும் எஞ்சுவது 1,600 தொன். ஆதலின், நூற்றுக்கு ஒன்று என்பது சிறிய எண்ணாயினும் சிறிய சுமையன்று. 99 என்பதை 99.5 ஆக்கினால் 800 தொன் குறையும். பராமரிப்பில் ஒரு சிறு கவனக்குறைவு எத்துணைப் பெரிது என்பதற்கு இவ்வெண்களே சான்று.

இரண்டாவது காரணம் புகைபோக்கியில் இல்லை, தரையில் உளது. நிலக்கரி கப்பலில் வந்து, நடுக்கடலில் தோணிகளுக்கு மாற்றப்பட்டே கரைசேர்கிறது. சோளகம் வீசும் மாதங்களில் கடல் அதற்கு இடங்கொடாது. ஆகவே, கடல் அமைதியாக உள்ள காலத்திலேயே முழு ஆண்டுக்கும் வேண்டிய கரியை இறக்கிக் குவித்துவைத்தல் வேண்டும். கப்பலைத் தடுக்கும் காற்றும், குவித்த கரியின் மேற் புழுதி கிளப்பும் காற்றும் ஒன்றே. கரிமலை உயர்ந்து நிற்கும் வேளையிலேயே காற்றும் வலுத்து, கடலிலிருந்து வயல்களை நோக்கி வீசத் தொடங்குகிறது. இப்புழுதியை எந்த வீழ்படிவாக்கியும் பிடிக்காது. நீர் தெளித்தல், கரியை அமுக்கி இறுக்குதல், மூடிவைத்தல், உயர்ந்த வேலியால் காற்றின் வேகத்தைத் தணித்தல் ஆகியனவே அதற்குப் பரிகாரம். மக்களின் முறைப்பாடுகளின் பின்னர் ஆங்குக் காற்றுத் தடைவேலியும் அமைக்கப்பட்டது. சாம்பலின் ஒரு பகுதி சீமெந்துத் தொழிலுக்கு விற்கப்படுகிறது. ரிவர்சைட்டில் தூசி உரமானதுபோல், நுரைச்சோலைச் சாம்பலும் கட்டடமாகிறது.

சட்டமும் படிப்படியாக வளர்ந்துள்ளது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின் வழியே மத்திய சுற்றாடல் அதிகாரசபை தோன்றியது. 1988ஆம் ஆண்டின் திருத்தம், தொழிற்சாலைகளுக்குச் சுற்றாடற் பாதுகாப்பு உரிமத்தையும், பெருந்திட்டங்களுக்கு முன்னாய்வையும் கட்டாயமாக்கியது. சூழவுள்ள வளியின் தரம் 1994இல் வரையறுக்கப்பட்டு 2008இல் திருத்தப்பட்டது. மிக நுண்ணிய துகள்கள் ஒரு கனமீற்றர் வளியில் ஆண்டுச் சராசரியாக 25 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது அத்திருத்தத்தின் ஒரு விதி. ஆயினும் அது வளியை அளந்த விதி. புகைபோக்கியை அளந்த விதியன்று. நிலையான உலைகளும் புகைபோக்கிகளும் வெளியிடும் மாசுக்கு எல்லை வகுக்கும் ஒழுங்குவிதிகள் 2019ஆம் ஆண்டிலேயே வெளிவந்தன. நுரைச்சோலையின் முதற் பொறி சுழலத் தொடங்கி எட்டு ஆண்டுகள் அதற்குள் கழிந்துவிட்டன.

அதே 2019ஆம் ஆண்டில், சுன்னாகத்து மின்னிலையத்தின் எண்ணெய்க் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட வழக்கில் இலங்கை உயர் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. மாசு செய்தவரே அதன் விலையைச் செலுத்தவேண்டும் என்னும் நெறியை ஏற்று, கிணறுகள் கெட்ட மக்களுக்கென 20 மில்லியன் ரூபாவைச் செலுத்துமாறு மின்னுற்பத்தி நிறுவனத்தைப் பணித்தது. ஒரு தேசத்தின் உருக்காலைப் புகை மறு தேசத்தின் வயலைக் கெடுத்தல் ஆகாது எனக் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான திரெயில் உருக்காலை வழக்கில் 1941ஆம் ஆண்டில் நடுவர்மன்றம் கூறிய நெறியும் இதற்கு உறவானதே. தேசங்களுக்கு இடையே அநீதியானது, கொழும்பின் விளக்குக்கும் கற்பிட்டியின் வெங்காயப் பாத்திக்கும் இடையே நீதியாகிவிடாது.

இந்நெடிய வரலாறு காட்டும் பாடங்கள் மூன்று. உயர்ந்த புகைபோக்கி மாசை இடம்மாற்றுமேயன்றி நீக்காது. பிடிக்கும் கருவியின் பெருமை அதைப் பொருத்திய நாளில் இல்லை. அது பழுதின்றி இயங்கும் ஒவ்வொரு நாளிலும் உளது. இடத்தின் காற்றையும் கடலையும் அறிந்த மக்களின் சொல்லைத் திட்டம் வகுக்கும் நாளிலேயே கேட்டிருந்தால், கரிமலையும் சோளகமும் ஒன்றாக எழும் விந்தை எவருக்கும் புதிதாகத் தோன்றியிராது. வள்ளத்தை எப்போது கரையேற்றவேண்டும் என்பதை அறிந்த மீனவன், புழுதி எப்போது எத்திசையிற் பறக்கும் என்பதையும் அறிவான்.

நுரைச்சோலையின் அயலிலுள்ள மாம்புரியில் 2010ஆம் ஆண்டு தொடக்கம் காற்றாலைகளும் சுழல்கின்றன. சமனலவெவ உலைகளை ஊதியதும், உப்பை விளைவிப்பதும், கரிப்புழுதியை வயலுக்குக் கொண்டுசெல்வதுமாகிய அதே பருவக்காற்று அங்கே புகையின்றி மின்சாரம் தருகிறது. அக்காற்று இனியும் ஆண்டுதோறும் வைகாசியில் வரும். அது வருமுன்னர் கரிக்குவியல் மூடப்பட்டிருக்கவேண்டும். வீழ்படிவாக்கியின் தட்டுகள் செப்பனிடப்பட்டிருக்கவேண்டும். அளவுக் கருவிகள் காட்டும் எண்கள் அவ்வூர் மக்களுக்கும் தெரிந்திருக்கவேண்டும். நாட்டுக்கு ஒளிதரும் கரையின் மக்கள் தமது கிணற்றையும் பயிரையும் ஐயமின்றி நோக்கும் நாளிலேதான், அவ்வொளியின் விலை நேர்மையாகச் செலுத்தப்பட்டதாகும்.